முப்பத்திரண்டாவது காகிதம்

ஒன்பது நாற்பத்தைந்துக்கு ஆறு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் ஏழாவது, கதவோரம். என்னை யாரும் எண்ணுவதில்லை, நானே எண்ணிக்கொள்கிறேன். தினமும் நடக்கிற கூட்டம்தான் இது, பதினைந்தே நிமிஷம், உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று நின்றுகொண்டே பேசுவார்கள், ஆனாலும் இன்றைக்கு அறையே வேறு மாதிரி இருக்கிறது, அல்லது என் நெஞ்சு வேறு மாதிரி அடித்துக்கொள்கிறது, பத்து மணிக்கு நம்முடைய மருந்து மணி, இவர்கள் செய்த போன் செயலி, வெளியே போகப் போகிறது. நம்முடைய என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா, தெரியாது. நான் இந்த ஆபீஸின் அட்டெண்டர், எட்டாவது வரை படித்தவன், அதில் ஒரு வரிகூட எழுதியவன் இல்லை. ஆனால் பதினான்கு மாதமாக இந்த அறைக்குத் தண்ணீர் வைக்கிறேன், அது வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். வயதானவர்கள் போனில் அது இருக்கும், மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்கும், எடுத்தீர்களா என்று கேட்கும், கீழே இரண்டு பொத்தான், எடுத்தாச்சு, இன்னும் இல்லை. எடுத்தாச்சு என்றால் வாயை மூடிக்கொள்ளும். இன்னும் இல்லை என்றால் கால் மணி கழித்து மறுபடி அடிக்கும், மூன்று தடவை அப்படி ஆனால் மகனுக்கோ மகளுக்கோ தானே போன் போடும். இவ்வளவுதான் சங்கதி. இது இன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரியின் ஆயிரத்து இருநூற்று நாற்பது நோயாளிகளுக்குப் போகிறது. ஆயிரத்து இருநூற்று நாற்பது! எங்கள் தெருவில் அறுபத்தெட்டு வீடு, வீட்டுக்கு ஒருவர் என்றால் பதினெட்டுத் தெரு, அதற்கு மேலும் பதினாறு பேர். பதினெட்டுத் தெருவிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தால் எப்படி இருக்கும் என்று நேற்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். இந்த ஆறு பேருக்கும் தலைவியான சுகந்தி மேடம் கையில் மஞ்சள் ஸ்பாஞ்சு பந்து இருக்கிறது. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும், மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. பேசுவதும் மூன்றே மூன்று, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். முதலில் எனக்கு இது பள்ளிக்கூட விளையாட்டு மாதிரித் தெரிந்தது. இப்போது வீட்டில் படுத்துக்கொண்டு நானே எனக்கு மூன்றையும் சொல்லிப் பார்க்கிறேன், வெட்கக்கேடு, அறுபத்து மூன்று வயதில்.

பந்து பருதி கைக்குப் போகிறது, இளம்பருதி, நிரல் எழுதுகிறவன், பேச்சில் கஞ்சன், நாற்பது வினாடிக்கு மேல் அவன் பேசி நான் பார்த்ததில்லை. அவன் தலைக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், கறுப்பு டேப் ஒட்டிப் பிரித்த மூன்று கட்டம், இங்கிலீஷில் எழுதியிருக்கிறது, செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. அதில் காகிதங்கள். மஞ்சள் என்றால் இவர்களாக யோசித்த வேலை. பிங்க் என்றால் உபயோகிக்கிறவர்கள் சொன்ன குறை. பிங்கில் யூசர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது என்பது சுகந்தி மேடம் போட்ட சட்டம், அதனால்தான் எனக்குப் பிங்க் பிடிக்கும், துடைக்கிற சாக்கில் எல்லாவற்றையும் படித்துவிடுவேன். மணி அடிச்சா மருமக பதறுறா, சத்தத்தைக் கொறைங்க. வெள்ளை மாத்திரைக்கு ஏன் மஞ்சப் படம் போட்டிருக்கீங்க, நான் பயந்துபோய் ரெண்டு நாள் முழுங்கல. பூஜைல இருக்கறப்போ கேக்காதீங்க. இப்படி. ஒவ்வொன்றும் ஓர் ஆள் கதவைத் தட்டிவிட்டு நிற்கிற மாதிரி. போன வருஷம் கூட்டுகிற அம்மா கீழே விழுந்த ஒரு காகிதத்தைக் குப்பையில் தள்ளிவிட்டாள், ஆறு பேரும் அரை நாள் தேடினார்கள், கடைசியில் நான்தான் கூடையைக் கவிழ்த்து எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு சுகந்தி மேடம், "அண்ணா, இனிமே விழுந்தா நீங்களே எடுத்து அந்தந்த எடத்துல ஒட்டிருங்க, வேற யாரும் தொட வேண்டாம்" என்றார். வேறு யாரும் தொட வேண்டாம்! அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை எண்ணி, சட்டைப்பை டைரியில் எழுதுகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எண்ணிக்கை தப்பியதே இல்லை. ஏ.சி. காற்றுக்கு எத்தனை விழுந்தாலும், காலையில் இவர்கள் வரும்போது சுவர் நேற்றைய சுவராக இருக்கும். அதை நினைத்தால் இப்போதுகூட முதுகு நிமிர்கிறது. மேஜையில் ஜிலேபிப் பெட்டி வைத்திருக்கிறேன், பதினெட்டு, தலைக்கு மூன்று, எனக்கு வேண்டாம் என்று ஆறால் வகுத்தேன்.

சுவருக்கு எதிர்ப்பக்கம் திரையில் சென்னை மேடம், இந்த ஆபீஸை நடத்துகிறவர், முகம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. "இரு பருதி, ஒரு நிமிஷம்" என்கிறார், பந்து இல்லாமலே பேச அவர் ஒருவருக்குத்தான் அனுமதி. "சுகந்தி, போன தடவை பார்த்தப்போ பிங்க் எதுலயும் டிக் இல்லையே, இப்ப சிலதுல பச்சை டிக் தெரியுது, அது என்ன?" சுகந்தி மேடம் சிரிக்கிறார், "அது திங்கக்கிழமை ஆரம்பிச்சோம் மேடம். குறை சொன்னவங்களுக்கு நாம திருப்பி போன் பண்ணிப் பேசிட்டா ஒரு பச்சை டிக். பேசியாச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். வேலை முடிஞ்சா காகிதமே முடிஞ்சது கட்டத்துக்குப் போயிரும்ல." சென்னை மேடம், "ஓ, நல்லாருக்கே" என்கிறார். பருதி மறுபடி பேச ஆரம்பிக்கிறான். அவன் உதடு அசைவது தெரிகிறது. பேசியாச்சு என்று மட்டும்தான் அர்த்தம். திங்கட்கிழமை நான் இல்லை. திங்களும் செவ்வாயும் காங்கேயத்தில் மச்சான் பேத்திக்குச் சீர், இரண்டு நாள் லீவு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். பேசியாச்சு என்று மட்டும். நேற்று சாயங்காலம் என் கையில் இருந்த பிங்கில் பச்சை டிக் இருந்தது. இருந்ததா? இருந்தது, வலது மேல் மூலையில், கொஞ்சம் சாய்ந்து, பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான். தண்ணீர் டம்ளர்களைப் பார்க்கிறேன், ஆறு, மறுபடி எண்ணுகிறேன், ஆறு. டம்ளர் சரியாகத்தான் இருக்கிறது.

டைரியை எடுக்க வேண்டியதில்லை, எனக்கு மனப்பாடம். நேற்று ஐந்து நாற்பத்தைந்து மணிக்கு, கட்டம் கட்டமாக, ஆறு, மூன்று, முப்பத்தொன்று, மொத்தம் நாற்பது. நேற்று ஆறேகால் மணிக்கு, ஆறு, இரண்டு, முப்பத்திரண்டு, மொத்தம் நாற்பது. மொத்தம் நாற்பது என்று கண்டதும் கோடு போட்டு மூடிவிட்டேன். இடையில்தான் ஏ.சி.காரர் வந்து காற்றைக் கூட்டிப் பார்த்தார், மூன்று காகிதம் விழுந்தது, இரண்டு மஞ்சள், ஒரு பிங்க். மஞ்சள் இரண்டும் முடிந்த கட்டத்தில் இருந்தவை, இடம்கூட ஞாபகம் இருந்தது. பிங்க் கறுப்பு டேப்புக்கு நேர் கீழே விழுந்திருந்தது, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசித்தேன், ஒரு நிமிஷம் நன்றாகவே யோசித்தேன், அப்போதுதான் டிக்கைப் பார்த்தேன், சரி, நான் எண்ணின பிறகு யாரோ முடித்திருக்கிறார்கள், டிக் போட்டு நகர்த்தும்போது சரியாக ஒட்டாமல் விழுந்திருக்கிறது என்று நானே ஒரு கதை கட்டி, முடிந்த கட்டத்தில் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினேன். இரண்டு தடவை அழுத்தினேன். என்ன எழுதியிருந்தது? தாராபுரம் செண்பகவல்லி, எழுபத்தொன்று. எழுத்தைப் பெருசாக்கினா கீழ்ப் பொத்தானைக் காணோம். கீழ்ப் பொத்தான் எது, இன்னும் இல்லை. அது காணோம் என்றால் மிச்சம் இருப்பது எடுத்தாச்சு ஒன்றுதான். எழுத்தைப் பெரிதாக்குகிறவர்கள் யார், கண் தெரியாதவர்கள், வயதானவர்கள், அதாவது ஆயிரத்து இருநூற்று நாற்பதில் பாதி இருக்குமா, முக்கால் இருக்குமா, மாத்திரையை எடுக்காமலே எடுத்தாச்சு என்று அமுக்குவார்கள், மணி வாயை மூடிக்கொள்ளும், மகனுக்குப் போன் போகாது. இல்லை, இல்லை, இவர்கள் படித்தவர்கள், இதெல்லாம் பார்த்திருப்பார்கள். மொத்தம் நாற்பது. மொத்தம் சரி. பஞ்சு குடோனில் இருபத்தேழு வருஷம் பேல் எண்ணினேன், பேல் என்றால் பஞ்சுப் பொதி, அங்கேயும் ஒரு தடவை இப்படித்தான், மொத்தம் சரியாக இருந்தது, ஆனால் மேற்கு அடுக்கில் ஒன்று அதிகம், கிழக்கில் ஒன்று குறைவு, லாரி போன பிறகு தெரிந்தது, மாற்றி எண்ணியது நான். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் திட்டவில்லை, அந்த பேல் எங்கேயோ போய் எதுவாகவோ ஆகியிருக்கும். ஒன்றும் நடக்காததுதான் பத்தொன்பது வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. ஏதாவது நடந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

பருதி முடிக்கிறான், முப்பத்தைந்து வினாடி இருக்கும், முடிக்கும்போது ஜெசிந்தாவைப் பார்த்து, "நேத்து நீ கடைசியா உட்கார்ந்ததுக்கு தேங்க்ஸ்" என்கிறான். பந்தை வாங்கிக்கொண்டே ஜெசிந்தா, "எனக்கு எதுக்குப்பா, உனக்குத்தான் தேங்க்ஸ்" என்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எனக்குத் தெரியும், செண்பகவல்லி அம்மாவிடம் போன் பேசியது பருதி, அந்த டிக் அவனுடைய சாய்ந்த டிக், திருத்த வேண்டியது ஜெசிந்தா, பிங்கின் அடியில் அவள் பெயர். அவன் காலையில் வந்து முடிந்த கட்டத்தில் பார்த்து, பாவம் அவள் உட்கார்ந்து முடித்துவிட்டாள் என்று நினைத்திருப்பான். அவள் வந்து பார்த்து, பேசினவனே முடித்தும் விட்டான் என்று நினைத்திருப்பாள். ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருப்பதால் கேட்டுக்கொள்ளவில்லை. இப்படியும் ஒரு தப்பு நடக்குமா உலகத்தில்! ஜெசிந்தா பேசுகிறாள், அவள் எப்போதும் மூன்று நிமிஷம் பத்து வினாடி, இன்றைக்கு உற்சாகத்தில் கூடவே போகும், போகட்டும், நீளட்டும் தாயே. ஒன்பது ஐம்பத்தொன்று. அடுத்து ஃபைசல், சோதித்துப் பார்க்கிறவன், ஃபைசல் இருக்கிறானே, அவன் கண்ணில் படாமலா இருக்கும், அவன் கையில் போன் மட்டும் ஐந்து வைத்திருக்கிறான். பந்து ஃபைசலிடம் போகிறது, "நேத்து எட்டு பிங்க் பார்த்தேன், எட்டும் பாஸ். சாயங்காலம் நாலு மணிக்கே கடையைச் சாத்திட்டேன்" என்கிறான். எட்டு. நாலு மணிக்கு எட்டு. முடிந்த கட்டத்தில் இப்போது ஒட்டியிருப்பது ஒன்பது பிங்க். ஒன்பதாவது வந்தது ஆறே கால் மணிக்கு, கொண்டு வந்தவன் நான். யாராவது எண்ணுங்களேன். ஆறு பேர் பெரிய படிப்புப் படித்திருக்கிறீர்கள், யாராவது ஒருவர் திரும்பி அந்தப் பிங்க்கை எண்ணுங்களேன். ஃபைசல் ஜிலேபிப் பெட்டியைக் காட்டி, "எதுலயும் மாட்டிக்கல, அந்தப் பெட்டியைத் திறக்காம இருக்கறதுதான் ஒரே தடை" என்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், உதடு சிரிக்கிறது. ஒன்பது ஐம்பத்து நான்கு.

படம் வரைகிற பெண் பேசுகிறாள், சர்வர் பார்க்கிறவர் பேசுகிறார், பத்து மணிக்கு எந்தப் பொத்தானை அமுக்கப் போகிறேன் என்று அவர் விவரமாகச் சொல்கிறார், அமுக்கினால் ஐந்து நிமிஷத்தில் எல்லோர் போனுக்கும் போய்விடும், திரும்ப வாங்குவது லேசில்லை. நான் கூட்டம் முடிந்த பிறகு சுகந்தி மேடத்திடம் தனியாகச் சொல்லலாம். காதோடு சொல்லலாம். ஆனால் முடிந்த உடனே கைதட்டுவார்கள், ஜிலேபி எடுப்பார்கள், அவர் அமுக்கிவிடுவார். சொன்னால் என்ன ஆகும், சுவரைத் தொடாதீர்கள் என்பார்கள். அதட்டிச் சொல்ல மாட்டார்கள், மரியாதையாகவே, இனிமே நாங்களே பார்த்துக்கறோம்ணா என்பார்கள். டைரியில் எழுத ஒன்றும் இருக்காது. சாயங்காலம் ஐந்து நாற்பத்தைந்துக்கு நான் என்ன செய்வேன். டம்ளர் எண்ணுவேன். ஒருவேளை அந்த அம்மாவுடைய போனில் மட்டும் கோளாறாக இருக்கலாம். எழுபத்தொன்று வயது, எதையாவது தவறாகத் தொட்டிருக்கலாம். ஆமாம், அப்படித்தான் சொல்வார்கள், என்னைப் பற்றியும் என் மகள் அப்படித்தான் சொல்கிறாள், நீங்க எதையோ தொட்டுட்டீங்கப்பா. நான் எதையும் தொடவில்லை. நான் எதையாவது தொட்டால் எனக்குத் தெரியும். அந்த அம்மா எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறாள், பொத்தானைக் காணவில்லை, போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள், தன் பெயரைச் சொல்லியிருக்கிறாள், ஊரைச் சொல்லியிருக்கிறாள், அதை ஒருவன் எழுதியிருக்கிறான், நான் எடுத்துப் போய் முடிந்தது என்று ஒட்டியிருக்கிறேன், இரண்டு தடவை அழுத்தி. ஒன்பது ஐம்பத்தேழு. பந்து சுகந்தி மேடத்திடம் வந்துவிட்டது. அவர் கடைசி. "நடுக் கட்டத்துல மஞ்சள் ரெண்டு நிக்குது, அது அடுத்த வாரம் பார்த்துக்கலாம். பிங்க் ஒண்ணும் நிக்கல. பிங்க் நிக்காட்டி போலாம்னுதானே நம்ம ரூலு? அப்ப போலாமா?" என்கிறார். "போலாம்" என்கிறார்கள், ஐந்து பேரும், திரையிலிருந்து ஆறாவது குரலும். அவர் பந்தை மேஜையில் வைக்கக் குனிகிறார், வைத்துவிட்டால் கூட்டம் முடிந்தது.

என் இரண்டு கையும் நீண்டிருக்கிறது. எப்போது நீட்டினேன் என்று தெரியவில்லை. "மேடம், அந்தப் பந்தை இப்படிக் குடுங்க" என்கிறேன், அது என் குரல்தான், சந்தைக் கடையில் கேட்கிற மாதிரி வெளியே வந்துவிட்டது. எல்லோரும் திரும்புகிறார்கள். ஃபைசல், "அடடா, இன்னிக்கு நாச்சிமுத்துண்ணா அப்டேட்டா! மேடம், போடுங்க, போடுங்க" என்கிறான். சுகந்தி மேடம் சிரித்துக்கொண்டே எறிகிறார், நான் பிடித்துவிட்டேன், ஒரே கையில், எப்படிப் பிடித்தேனோ. பந்து இவ்வளவு லேசா. எங்கே ஆரம்பிப்பது, காற்றா, ஏ.சி.காரரா, காங்கேயமா. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், படுத்துக்கொண்டு எனக்கே சொல்லிப் பார்த்த வழி. "நேத்து நானுங்க, ஆறே காலுக்கு, கீழ விழுந்த பிங்க் ஒண்ண முடிஞ்ச கட்டத்துல ஒட்டிப்போட்டனுங்க. டிக்கைப் பார்த்து முடிஞ்சதுன்னு நினைச்சுட்டேன். அது முடியலீங்க. தாராபுரம் அம்மாவோடது. இன்னிக்கு அதைத் திருப்பி நடுக் கட்டத்துல ஒட்டோணும். எதுல மாட்டிட்டு நிக்கறேன்னா," இங்கே கடிகாரத்தைப் பார்த்தேன், "பத்து மணிக்கு மூணு நிமிஷந்தானுங்க இருக்குது." பருதி ஜெசிந்தாவைப் பார்க்கிறான். "நீ முடிக்கலயா?" "நானா? நீ முடிக்கலயா?" "லூசு, அதுல உன் பேரு இருக்கு." "அது முடிஞ்ச கட்டத்துல இருந்துச்சுடா!" ஃபைசல் சுவரிடம் போய் விரலால் தொட்டு எண்ணுகிறான், ஏழு, எட்டு, ஒன்பது, பிறகு தலையில் கை வைத்துக்கொள்கிறான். சுகந்தி மேடம் சர்வர்காரரைப் பார்த்து, "கையை எடுங்க" என்கிறார். "எடுத்துட்டேன் மேடம்." திரையில் சென்னை மேடம், "அந்த அம்மா போன் மட்டும் பழசா இருக்குமோ? ஆஸ்பத்திரில பத்துன்னு சொல்லியிருக்கோம்" என்கிறார். நான் நினைத்தபடியே. பருதி, "எழுத்தைப் பெருசாக்கின போன் ஒண்ணு இருந்தா இப்பவே பார்த்துரலாம்" என்கிறான், ஆறு பேரும் பையைத் தடவுகிறார்கள், ஃபைசலின் ஐந்து போனையும் சேர்த்துப் பதினொரு போன், எல்லாவற்றிலும் எறும்பு எழுத்து. எனக்கு அப்போதுதான் உறைக்கிறது. சட்டைப் பையில் கைவிட்டு என் போனை எடுக்கிறேன். அதில் எழுத்து எவ்வளவு பெரிதாகப் போகுமோ அவ்வளவு பெரிது, ஒரு வரிக்கு மூன்று வார்த்தை.

பருதி அதை வாங்கி மருந்து மணியை அதில் இறக்குகிறான், ஒன்றரை நிமிஷம், என்னைச் சுற்றி ஆறு தலை, ஷாம்பு வாசனை, யாரோ மென்ற ஏலக்காய் வாசனை, என் தோளில் ஃபைசல் தாடை. என் வாழ்க்கையில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் என் கையைப் பார்த்ததில்லை. பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இந்தப் பயத்துக்குள் ஒரு குஷி, அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மணி அடிக்கிறது. எடுத்தவுடன் பெரிய எழுத்தில், காலை மாத்திரை எடுத்தீர்களா? திரை முழுக்க அதுவே. அடியில் ஒரே ஒரு பச்சைப் பொத்தான், எடுத்தாச்சு. தள்ளிப் பார்க்கிறேன், மேலே, கீழே, நகரவில்லை. ஜெசிந்தா, "ஐயோ" என்கிறாள், மெதுவாக. சுகந்தி மேடம், "யாரும் சொல்லிக் குடுக்காதீங்க. அண்ணா, நீங்க வீட்ல தனியா இருக்கீங்கன்னு வெச்சுக்கங்க. இப்ப என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கிறார். நான் யோசிக்கிறேன், ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும், தோராயமாகச் சொல்லக் கூடாது. காலை மாத்திரை எடுத்தேனா? நாலரைக்கு எழுந்தேன், ஆறுக்குக் கிளம்பினேன், ஏழுக்கு ஆபீஸ் பூட்டைத் திறந்தேன், ஜிலேபி வாங்கினேன், இல்லை. பிரஷர் மாத்திரை, சட்டைப் பையிலேயே இருக்கிறது பட்டை. "எடுக்கலீங்க" என்கிறேன். "இன்னிக்குப் பரபரப்புல மறந்தே போச்சுங்க." "சரி, எடுக்கல. இதுல என்ன அமுக்குவீங்க?" மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, ஆறு பேர் பார்க்கிறார்கள், சத்தம் காதைக் குடைகிறது. "எடுத்தாச்சுன்னுதானுங்க அமுக்குவேன். சத்தம் நிக்கோணுமே. வேற வழி இல்லீங்களே." திரையில் சென்னை மேடம் கண்ணாடியைக் கழற்றுகிறார். "சுகந்தி, ஆஸ்பத்திரிக்கு நான் பேசிக்கறேன். பத்து மணி வேண்டாம்" என்கிறார். சுகந்தி மேடம் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வருகிறார், என்னிடம் நீட்டுகிறார், நான் வைத்த தண்ணீர்தான், "முதல்ல முழுங்குங்க" என்கிறார். முழுங்கினேன். பிறகு என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "திங்கக்கிழமை டிக்குக்கு அர்த்தம் வெச்சோம், உங்ககிட்ட யாரும் சொல்லல. நாங்க ஆறு பேருன்னே நினைச்சுட்டு இருந்துருக்கோம்ணா" என்று சொல்லிவிட்டு, ஒரு புதுப் பிங்க் கிழித்து நின்றவாறே எழுதுகிறார், நான் தலைகீழாகப் படிக்கிறேன், சத்தம் நிக்கோணுமே, வேற வழி இல்லீங்களே. நாச்சிமுத்து, சரவணம்பட்டி, அறுபத்து மூன்று. அழகுபடுத்தவில்லை, அப்படியே. செண்பகவல்லி அம்மாவை எடுத்து நடுக் கட்டத்தில் ஒட்டி, பக்கத்தில் என்னை ஒட்டுகிறார். ஆறு, நான்கு, முப்பத்தொன்று. மொத்தம் நாற்பத்தொன்று.

பருதியும் ஜெசிந்தாவும் ஒரே நாற்காலியில் பாதி பாதி உட்கார்ந்துவிட்டார்கள், ஒருவர் தட்ட ஒருவர் திட்ட, "அங்க இல்லடா, மேல", "தெரியுது, நகரு", ஜிலேபிப் பெட்டியை யாரும் திறக்கவில்லை, ஃபைசல்கூட. நான் போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நிற்கிறேன், போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, இருபத்தாறு நிமிஷம் ஆகிறது, இருபத்தேழு, என் போன் அவர்கள் மேஜையில் என்னைப் போலவே காத்துக் கிடக்கிறது. முப்பத்தோராவது நிமிஷம் ஜெசிந்தா கத்துகிறாள், "அண்ணா, வாங்க!" மறுபடி ஆறு தலை. மணி அடிக்கிறது. காலை மாத்திரை எடுத்தீர்களா? அடியில் பச்சை, அதற்கும் அடியில், முழுசாக, ஓர் எழுத்தும் வெட்டுப்படாமல், இன்னும் இல்லை. அடடா, அது எவ்வளவு அகலமாக இருக்கிறது! "கீழ இருக்கறதை அமுக்குங்க" என்கிறான் பருதி. விரல் போகிறது, நின்றுவிடுகிறது. "அமுக்குங்ண்ணா." "இல்லீங்க, நான்தான் இப்ப முழுங்கிட்டேனுங்களே." "அது பரவால்லண்ணா, டெஸ்டுக்குத்தான்." "முழுங்கினதை முழுங்கலைன்னு எப்படீங்க சொல்றது?" ஃபைசல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மேடம், இவரை வெச்சுக்கிட்டு எப்படி மேடம் ரிலீஸ் பண்றது" என்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் விரல் போகவில்லை, பொய்யை வைத்து அது வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டால் அந்தக் கணக்கு எதற்கு ஆகும். சுகந்தி மேடம் மட்டும் சிரிக்கவில்லை, "அண்ணா சொல்றது சரி. நிஜமா எடுக்காத மாத்திரை ஏதாவது இருக்காண்ணா?" என்கிறார். இருக்கிறது! "மத்தியானம் சோத்துக்கு முன்னாடி சர்க்கரை மாத்திரை ஒண்ணு இருக்குதுங்க, ஒண்ணே காலுக்கு. அது எடுக்கலீங்க." "பருதி, கடிகாரத்தைத் தள்ளு." பருதி தட்டுகிறான், நாலு தட்டு, ஐந்து தட்டு. என் போனில் மணி ஒன்றேகால் ஆகிவிட்டது, வெளியே வெயில் இன்னும் பதினொன்றுகூடத் தொடவில்லை. மணி அடிக்கிறது. மதிய மாத்திரை எடுத்தீர்களா? இரண்டு பொத்தான், இரண்டும் முழுசாக. கட்டை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கீழே இருப்பதை ஒரே தடவை, நிதானமாக அமுக்குகிறேன். சத்தம் நிற்கிறது. சரி, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்கிறேன் என்று எழுத்து வருகிறது, பெரிய எழுத்து, கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறது. "கேளு" என்கிறேன், சத்தமாகவே.